காட்டுக்குள் ஒரு தீவு!

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்?

வானத்தைத் தொடும் கோபுரம். ஆண்டாள் தேர். அப்புறம், சொல்லவா வேண்டும், பால்கோவா!

ராஜபாளையம் என்றால்? பஞ்சாலைகள். மாம்பழம். வெள்ளை வெளேர் என்று ஒரு வேட்டை நாய்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர்தான். எந்த ஊரில் நின்று மேற்கே பார்த்தாலும் மலை தெரியும். நீல நிறச் சுவர் போல நிற்கும். அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை.

அந்த மலையின் அடியில் சில தீவுகள் இருக்கின்றன.

மலையடியில் தீவா என்று கேட்காதீர்கள். நாலு பக்கமும் கடல் சூழ்ந்தால்தான் தீவா? இங்கே கடலுக்குப் பதில் காடு. மூன்று பக்கம் காடு. நாலாவது பக்கம் அடுத்தவர்களுடைய மாந்தோப்பு, தென்னந்தோப்பு. நடுவிலே சின்னஞ் சிறு வீடுகள். பொழுது சாய்ந்து விட்டால் வெளியூர் போக முடியாது. வழியில் யானை நிற்கும்!

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு அப்படி ஒரு தீவு. ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் அருவிப் பக்கம் இன்னொன்று. வடக்கே வத்திராயிருப்பைத் தாண்டி, சதுரகிரி மலை ஏறுகிற தாணிப்பாறையில் மற்றொன்று.

இந்தத் தீவுகளில் வாழ்கிறவர்களுக்குப் பளியர்கள் என்று பெயர்.

யார் இந்தப் பளியர்கள்?

மலையின் பழங்குடிகள். அரசாங்கப் பட்டியலில் பழங்குடி இனத்தவர். விருதுநகர் மாவட்டத்தில் மட்டும் அல்ல. கம்பம் பள்ளத்தாக்கு, வருசநாடு, பழனி மலை, கேரளத்தின் இடுக்கி மாவட்டம் என்று மலை நெடுகிலும் சிதறி வாழ்கிறார்கள். பேசுவது தமிழ்தான். கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள். கும்பிடுவது பளிச்சியம்மனை.

காட்டழகர் கோயிலுக்கு நடந்து போகிறவர்களும், அய்யனார் கோயில் அருவியில் குளிக்கப் போகிறவர்களும் இவர்களைப் பார்த்திருப்பார்கள். பார்த்திருப்பார்களே தவிர, நின்று பேசியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

கிழங்கு தோண்டும் கதை

பளியர்கள் உழுது பயிரிட்டவர்கள் அல்ல. ஆடு மாடு மேய்த்தவர்களும் அல்ல. காடு கொடுத்ததைச் சாப்பிட்டவர்கள்.

காடு என்ன கொடுத்தது? முதலில் கிழங்கு.

நாம் சந்தையில் வாங்குகிற சர்க்கரைவள்ளி அல்ல. காட்டு வள்ளிக் கிழங்கு. மரத்தில் சுற்றி ஏறும் கொடி. கிழங்கு மண்ணுக்குள் செங்குத்தாக இறங்கி இருக்கும். கொடியைப் பார்த்ததும், கீழே கிழங்கு முற்றியிருக்கிறதா, இன்னும் பிஞ்சா என்று சொல்லி விடுவார்கள். பிறகு, முனையில் இரும்பு வைத்த கோலால் குழி தோண்ட வேண்டும். பாறையும் வேரும் குறுக்கே வரும். ஆள் இடுப்பளவு குழிக்குள் இறங்கிப் போவதும் உண்டு. ஒரு வேளைக் கிழங்குக்கு இவ்வளவு பாடு!

சில கிழங்குகளை அப்படியே சுட்டுத் தின்னலாம். சிலவற்றைப் பல தண்ணீர் மாற்றி வேக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும், வயிற்றுக்கும் ஆகாது. எது எந்தக் கிழங்கு என்று தெரியாதவன் காட்டில் பிழைக்க முடியாது. இந்தப் பாடத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. பாட்டி சொல்லித் தருவாள்.

இப்போது ரேஷன் அரிசி வந்து விட்டது. சோறுதான் சாப்பாடு. கிழங்கு தோண்டப் போவது குறைந்து போயிற்று. ஆனாலும் அரிசி தீர்ந்த நாளில் காடுதான் கை கொடுக்கிறது.

கயிற்றில் தொங்கும் உயிர்

கிழங்கை விடப் பெரிய கதை தேன்.

தேன் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறோம். கடையில் பாட்டிலை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “சுத்தமானதுதானா?” என்று கேட்பதோடு நம் அறிவு தீர்ந்து விடுகிறது. பளியரைக் கேட்டால் வகை வகையாகச் சொல்வார். மரப் பொந்துக்குள் அடுக்கடுக்காகக் கட்டும் ஈ ஒரு வகை. புதர்க் கொம்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கட்டும் ஈ இன்னொரு வகை. கொசு அளவே உள்ள, கொட்டத் தெரியாத ஈயின் தேனும் உண்டு. அது கொஞ்சமாகத்தான் கிடைக்கும். மருந்துக்கு வைத்துக் கொள்வார்கள்.

எல்லாவற்றுக்கும் ராஜா மலைத் தேனீ. உயர்ந்த பாறையின் முகட்டுக்குக் கீழே, மழை படாத இடமாகப் பார்த்து, கதவு அகலத்துக்கு ஒரே அடையாகத் தொங்கும். கோபக்கார ஈ. கூட்டமாக வந்து விழுந்தால் ஆளைக் கொன்று விடும்.

அந்தத் தேனை எடுக்கப் பகலில் போகக் கூடாது. நிலா இல்லாத இரவாக இருக்க வேண்டும். காட்டுக் கொடிகளை முறுக்கிக் கயிறாக்கி, பாறை உச்சியில் உள்ள மரத்தில் கட்டுகிறார்கள். ஒருவன் அதைப் பிடித்து இறங்குகிறான். கையிலே புகையும் பந்தம். இடுப்பிலே கத்தி. கீழே பார்த்தால் இருட்டு. மேலே பார்த்தாலும் இருட்டு. காதைச் சுற்றி ஆயிரக் கணக்கான ஈக்களின் இரைச்சல்!

அந்த நேரத்தில் மேலே கயிற்றைக் காவல் காப்பது யார் தெரியுமா?

தேன் எடுக்கும் மலைக் குடிகள் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றுக்குக் காவல் மச்சான்தான். மனைவியின் உடன் பிறந்தவன். சொந்த அண்ணன் தம்பியை விட மச்சானையே நம்புகிறார்கள்! ஏன்? கயிறு அறுந்தால் அவனுடைய அக்காளோ தங்கையோ அல்லவா தாலி அறுக்க வேண்டும்? இதை விடக் கெட்டிக்காரத்தனமான இன்ஷ்யூரன்சை எந்தக் கம்பெனியும் கண்டுபிடித்ததில்லை.

அடையை முழுவதும் பிய்த்து எறியக் கூடாது. தேன் இருப்பது மேல் பக்கம். குஞ்சுகள் இருப்பது கீழ்ப் பக்கம். மேல் பக்கத்தை மட்டும் பதமாக அறுத்து எடுத்தால் ஈக்கூட்டம் அழியாது. அடுத்த பருவத்துக்கும் அந்தப் பாறையில் தேன் இருக்கும்.

தேன் போக, கல்பாசி பொறுக்குவார்கள். பாறையிலும் மரப்பட்டையிலும் படர்ந்திருக்கும். நம் வீட்டுப் பிரியாணியில் மணக்கிறதே, அதுதான். நெல்லிக்காய், கடுக்காய், புளி எல்லாம் அந்தந்தப் பருவத்தில் சேரும்.

சண்டை பிடிக்காத ஜனங்கள்

1962-ம் ஆண்டு ஓர் அமெரிக்கர் இந்த மலைப் பக்கம் வந்தார். பெயர் பீட்டர் கார்ட்னர். மானிடவியல் படித்தவர். 1964 வரை பளியர் குடியிருப்புகளில் தங்கி, அவர்களுடைய வாழ்க்கையைக் கவனித்து எழுதினார். அப்போது இது ராமநாதபுரம் மாவட்டம். விருதுநகர் தனி மாவட்டம் ஆனது 1985-ல்.

அவரை அசர வைத்த விஷயம் ஒன்று உண்டு. பளியர்களிடம் தலைவன் கிடையாது. ஒருவர் இன்னொருவருக்கு உத்தரவு போடுவதில்லை. வேட்டையில் கிடைத்த இறைச்சியைச் சம பங்காகக் கூறு போட்டுப் பிரிப்பார்கள். புருஷன் மனைவியை அதட்டுவது, பெரியவர்கள் பிள்ளைகளை அடிப்பது எல்லாம் கேவலம்.

சண்டை வந்தால்?

ஒருவர் எழுந்து போய் விடுவார். அவ்வளவுதான்! கோபம் அடங்கும் வரை வேறு இடத்தில் போய் இருப்பார். கோபக்காரரின் நெற்றியில் சிரிப்பாணிப் பூ என்று ஒரு பூவை அரைத்துப் பூசுவார்களாம். பெயரைப் பாருங்கள்! நம் தெருக் குழாயடிகளுக்கு ஒரு கூடை அனுப்பி வைத்தால் தேவலை.

கார்ட்னர் 1966-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்று உலகத்தில் சண்டையில்லாத சமுதாயங்களைப் பற்றிப் பேசுகிற அறிஞர்கள் பளியர் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கும் நமக்குத்தான் தெரியாது!

ஆனால் இந்த நல்ல குணமே அவர்களுக்கு எமனாகவும் ஆயிற்று. காட்டுக்குள் ஒருவன் விலகிப் போனால் சண்டை தீர்ந்தது. வெளி உலகத்தில் ஒருவன் விலகிப் போனால் என்ன ஆகும்? அவனுடைய இடத்தில் இன்னொருவன் உட்கார்ந்து கொள்வான்.

அப்படித்தான் நடந்தது.

குத்தகைக் கணக்கு

காட்டில் விளையும் பொருளை அந்தக் காலத்தில் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் குத்தகைதாரர். அவருக்குத் தேன் வேண்டும், கல்பாசி வேண்டும், கடுக்காய் வேண்டும். ஆனால் அவருக்குப் பாறையில் இறங்கத் தெரியாது. பளியருக்குத் தெரியும்.

குத்தகைதாரர் முதலில் அரிசி கொடுப்பார். துணி கொடுப்பார். புகையிலை கொடுப்பார். எல்லாம் கணக்கில் ஏறும். பளியர் பொருளைக் கொண்டு வந்து போடுவார். அதுவும் கணக்கில் ஏறும். கணக்கு நோட்டு யார் கையில்? குத்தகைதாரர் கையில். எடை போடும் தராசு? அதுவும் அவர் கையில்.

பளியருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கு எப்போது தீரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கேட்டுச் சண்டை போடவும் மாட்டார். மனம் வெறுத்தால் மலை மேல் ஏறிப் போய் விடுவார். ஆனால் கீழே வந்தவர்களுக்கு அரிசிச் சோறு பழகி விட்டது. பிள்ளைகள் அழும். மறுபடியும் இறங்கி வருவார். நோட்டு மறுபடியும் திறக்கும்.

இன்று அந்தப் பழைய குத்தகை முறை இல்லை. ஆனால் பாறையில் உயிரைப் பணயம் வைத்து எடுத்த தேனுக்கு, டவுனில் பாட்டிலில் அடைத்து விற்பவருக்குக் கிடைப்பதில் எத்தனை பங்கு கிடைக்கிறது என்று கேட்டால், பதில் இன்னும் தலை நிமிர்ந்து சொல்லும்படியாக இல்லை.

பலர் இப்போது தோப்புகளில் கூலி வேலைக்குப் போகிறார்கள். மாம்பழக் காலத்தில் இரவுக் காவலுக்கும் போகிறார்கள். யானை வந்தால் விரட்ட வேண்டும். யானை எந்தப் பக்கமாக வரும், கோபமாக வருகிறதா, பசியோடு வருகிறதா என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் வழி விட்டு ஒதுங்கிய யானையை, இன்று அடுத்தவர் மாம்பழத்துக்காகத் தகரம் தட்டி விரட்டுகிறார்கள்.

அணிலும் புலியும்

செண்பகத்தோப்புக் காட்டில் ஓர் அதிசயப் பிராணி உண்டு. சாம்பல் நிற மலை அணில். நம் வீட்டுக் கூரையில் ஓடுகிற அணில் அல்ல. வாலோடு சேர்த்தால் ஒரு முழத்துக்கு மேல் நீளும். மண்ணில் இறங்கவே அதற்குப் பிடிக்காது. மரத்துக்கு மரம் தாவியே போகும். கிளைகள் கோத்து நிற்கிற காடு இருந்தால்தான் அது பிழைக்கும். தென்னிந்தியாவின் சில காடுகளிலும் இலங்கையிலும் அல்லாமல் வேறு எங்கும் கிடையாது.

அந்த அணிலுக்காக 1988-ம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மலை சரணாலயம் ஆயிற்று. 2021-ல் இந்தக் காட்டையும் பக்கத்து மேகமலைக் காட்டையும் சேர்த்து, ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். பரப்பு 1,000 சதுர கிலோ மீட்டருக்கும் மேல்.

இது நல்ல காரியம். சந்தேகம் வேண்டாம். வைகைக்குத் தண்ணீர் வருகிற மலைக்காடு இதில் இருக்கிறது. அய்யனார் கோயில் ஆற்றில் ஓடி வந்து, ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, எத்தனையோ காலமாக ராஜபாளையத்தின் தாகம் தீர்த்த தண்ணீரும் இந்தக் காட்டின் தண்ணீர்தான். காடு போனால் ஊர் போகும்.

ஆனால் பளியருடைய நிலைமை என்ன? வேட்டை 1972-ம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்தது. சரணாலயம் வந்ததும் காட்டுப் பொருளை எடுத்து விற்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. தன் பாட்டன் தோண்டிய கிழங்குக் குழிக்குப் போவதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று தெரியாமல் பேரன் நிற்கிறான்.

அணில் மாதிரிதான் இவர்களும். கிளையோடு கிளை சேர்ந்திருந்தால் பிழைப்பார்கள்.

கப்பல் ஏறிய கிராமம்

இப்படிக் கயிற்றில் தொங்கிப் பிழைத்த ஜனங்கள் உலகத்தில் இன்னொரு இடத்திலும் இருந்தார்கள். அவர்கள் கதையையும் கேளுங்கள்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் சமுத்திரத்தில் செயின்ட் கில்டா என்று ஒரு தீவு. நிஜமான தீவு. நாலு பக்கமும் அலை அடிக்கும். அங்கே மரம் கிடையாது. ஒரே ஒரு கிராமம். ஜனங்களின் சாப்பாடு கடல் பறவைகளும் அவற்றின் முட்டைகளும். அந்தப் பறவைகள் செங்குத்தான பாறையில் கூடு கட்டும். ஆண்கள் கயிற்றைக் கட்டிக் கொண்டு கடலுக்கு மேல் தொங்கிப் பிடிப்பார்கள்.

அங்கேயும் தலைவன் இல்லை! தினமும் காலையில் ஆண்கள் தெருவில் கூடி, இன்றைக்கு என்ன வேலை செய்யலாம் என்று பேசி முடிவு செய்வார்கள். பேச்சு நீண்டு விட்டால் அன்றைக்கு வேலையே நடக்காதாம்.

பிறகு கப்பல்களில் வேடிக்கை பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். பணம் வந்தது. நோயும் வந்தது. வாலிபர்கள் ஒவ்வொருவராக ஊரை விட்டுப் போனார்கள். பாறையில் இறங்கவும் படகு தள்ளவும் ஆள் போதவில்லை. 1930-ம் ஆண்டின் ஆரம்பத்தில் ஓர் இளம் பெண் நோயில் விழுந்தாள். கப்பல் வந்து ஏற்றிக் கொண்டு போய் நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் நாட்கள் ஓடி விட்டன. அவள் பிழைக்கவில்லை.

தீவு ஜனங்களின் மனம் உடைந்தது. “எங்களை இங்கிருந்து அழைத்துப் போங்கள்” என்று அரசாங்கத்துக்கு மனுப் போட்டார்கள்.

1930-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி கப்பல் வந்தது. மிச்சம் இருந்தவர்கள் 36 பேர். ஒவ்வொரு வீட்டிலும் பைபிளைத் திறந்து வைத்தார்கள். பக்கத்தில் கொஞ்சம் தானியம் வைத்தார்கள். கப்பல் ஏறிப் போய் விட்டார்கள். இன்று அங்கே கூரையில்லாத வீடுகள் நிற்கின்றன.

வேடிக்கை ஒன்று உண்டு. கரைக்கு வந்த அந்த ஆண்களில் பலருக்கு அரசாங்கம் கொடுத்த வேலை என்ன தெரியுமா? காடு வளர்க்கும் இலாகாவில் வேலை! பிறந்ததிலிருந்து ஒரு மரத்தைக் கூடப் பார்க்காதவர்களுக்கு மரம் நடும் வேலை.

நம் ஊரில் அதுவே தலைகீழாக நடக்கிறது. மரத்துக்கு மரம் பெயர் தெரிந்த பளியர் வீட்டுப் பையன் காட்டை விட்டு இறங்கி, டவுனில் சிமெண்டு மூட்டை தூக்குகிறான்.

காகிதத்தில் ஏறிய உரிமை

செண்பகத்தோப்பும் ஒரு நாள் செயின்ட் கில்டா மாதிரி ஆகுமா?

ஆக வேண்டிய அவசியம் இல்லை. ஏனென்றால் அந்தத் தீவுக்காரர்களுக்கு இல்லாத ஒன்று இவர்களுக்கு இருக்கிறது. 2006-ம் ஆண்டு நம் பாராளுமன்றம் வன உரிமைச் சட்டம் கொண்டு வந்தது. காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழும் பழங்குடிகளுக்கு, குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா உண்டு. தேன், கிழங்கு, நெல்லி போன்றவற்றை எடுக்கவும் விற்கவும் உரிமை உண்டு. காட்டைக் காப்பாற்றும் பொறுப்பிலும் பங்கு உண்டு. கிராம சபையின் சம்மதம் இல்லாமல் அவர்களை அங்கிருந்து எழுப்பக் கூடாது. சரணாலயம், புலிகள் காப்பகம் எல்லாவற்றுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

தமிழ்நாட்டில் ஒரு நீதிமன்ற வழக்கினால் 2008-ல் பட்டா கொடுக்கும் வேலை தடைப்பட்டது. 2016-ல்தான் தடை விலகியது. எட்டு வருஷம்! ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, மூன்றாம் வகுப்புக்குப் போகிற காலம்.

புலிகள் காப்பகத்தில் மனிதர்களுக்கு உரிமை கொடுத்தால் காடு என்ன ஆகும் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கர்நாடகத்தில் பிளிகிரிரங்கன் மலையைப் பாருங்கள். 2011-ல் அதுவும் புலிகள் காப்பகம் ஆயிற்று. அங்கே வாழும் சோலிகர் என்ற பழங்குடிகள் நம் பளியரைப் போலத் தேனும் நெல்லியும் எடுப்பவர்கள். அதே 2011-ல் அவர்களுடைய கிராம சபைகளுக்குக் காட்டு உரிமையை எழுதிக் கொடுத்தார்கள். நாட்டில் ஒரு புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கொடுத்தது அதுவே முதல் தடவை. சோலிகரும் இருக்கிறார்கள். புலியும் இருக்கிறது.

விற்பனைக்கும் வழி தெரிந்திருக்கிறது. நீலகிரியில் கோத்தகிரியைச் சேர்ந்த கீஸ்டோன் என்ற தொண்டு நிறுவனம் 1993 முதல் தேன் எடுப்பவர்களோடு வேலை செய்து வருகிறது. பிழியாமல் வடிகட்டுவது, சுத்தமாக அடைப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்தது. 2013-ல் அங்குள்ள பழங்குடிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து ‘ஆதிமலை’ என்ற பெயரில் கம்பெனி ஆரம்பித்தார்கள். தேன் எடுப்பவரும் அவர்களே. கணக்கு நோட்டும் அவர்கள் கையிலே!

ராஜபாளையத்தில் பஞ்சும் நூலும் விற்கத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி, உலகம் பூராவும் பெயர் வாங்கத் தெரிந்தவர்களுக்கும் குறைவில்லை. மலைத் தேனுக்கு மட்டும் விற்பனை தெரியாமலா போயிற்று?

பாட்டி சொல்ல, பேத்தி எழுத

சட்டம் இருந்தால் போதுமா? யாராவது கேட்க வேண்டுமே! கேட்டுச் சண்டை போடாத ஜனங்கள் அல்லவா இவர்கள்? கூட்டத்தில் ஒருவர் குரலை உயர்த்தினால் எழுந்து போய் விடுகிறவர்கள் அல்லவா?

இங்கேதான் பள்ளிக்கூடம் வருகிறது.

ஆரம்பப் படிப்பு எப்படியோ முடிகிறது. மேலே படிக்க டவுனுக்குப் போக வேண்டும். காலையில் பிள்ளைகள் மந்தையாக நடந்து வருவார்கள். மாலையில் யானை வருவதற்குள் வீடு திரும்ப வேண்டும். தேன் காலம் வந்தால் அப்பாவும் அம்மாவும் நாட்கணக்கில் மலை மேலே தங்குவார்கள். பிள்ளை எங்கே இருப்பது? கூடவே போகும். திரும்பி வரும்போது பாடம் பல பக்கம் ஓடியிருக்கும். விடுதியில் சேர்த்தால் சோறு கிடைக்கும், படிப்பு கிடைக்கும். ஆனால் அதட்டல் தெரியாமல் வளர்ந்த குழந்தைக்கு விடுதியின் மணி ஓசையும் பிரம்பும் பழகுவதற்கு நாள் பிடிக்கும். பாதியில் ஓடி வந்து விடுகிற பிள்ளைகளைச் சோம்பேறி என்று திட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

படித்து முடித்தாலும் சாதிச் சான்றிதழ் வேண்டும். மற்றவர்களுக்குத் தாசில்தார் ஆபீசோடு வேலை முடியும். பழங்குடிகளுக்குக் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். விசாரணை, நேரில் வரச் சொல்லுதல் என்று நாளாகும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும்.

இவ்வளவையும் தாண்டிப் படிக்கிறார்கள். படித்தவர்களுக்குக் காட்டுக்குள்ளேயே வேலை உண்டு. வேட்டைத் தடுப்புக் காவலராகலாம். புலியின் கால்தடம் பார்த்துக் கணக்கெடுக்கலாம். மலை அணிலைக் காட்டுவதற்கு வழிகாட்டியாகலாம். டவுனில் பிறந்த ஒருவருக்குப் பல வருஷம் சொல்லிக் கொடுத்தாலும் வராத கண் இவர்களுக்குப் பிறவியிலேயே இருக்கிறது.

வன உரிமைச் சட்டத்தில் இன்னொரு விசேஷம். உரிமை கேட்கும் மனுவை முதலில் வாங்குவதும், விசாரிப்பதும், தீர்மானம் போடுவதும் கிராம சபையே. அதற்கு ஒரு வன உரிமைக் குழு. குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். அத்தாட்சி என்ன காட்டுவது? பளியரிடம் பத்திரம் ஏது? பரவாயில்லை. குடியிருந்த இடத்தின் அடையாளம், புதைத்த இடம், சாமி கும்பிட்ட இடம் எல்லாம் அத்தாட்சி ஆகும். ஊர்ப் பெரியவர்கள் வாயால் சொல்வதும் அத்தாட்சி ஆகும். ஆனால் அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எந்தப் பாறையில் எந்த மாதத்தில் தேன் இருக்கும்? எந்த ஓடையைத் தாண்டினால் வள்ளிக் கொடி கிடைக்கும்? பளிச்சியம்மனுக்குப் பொங்கல் வைத்தது எந்த மரத்தடியில்? பாட்டன் படுத்திருக்கிற இடம் எது?

இதெல்லாம் குடியிருப்பில் உள்ள கிழவிகளுக்குத் தெரியும். எழுதத் தெரியாது. மாலையில் பையைத் தூக்கிக் கொண்டு, யானை வருவதற்குள் வீட்டுக்கு ஓடி வருகிறதே, அந்தப் பெண்ணுக்கு எழுதத் தெரியும்.